குழந்தையின் இன்ஹேலர் எங்கே இருக்க வேண்டும்?

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 2012 அக்டோபரில் ரையன் கிப்பன்ஸ் என்ற 12 வயதுச் சிறுவன் பள்ளியில் இருக்கும்போது ஆஸ்துமா தாக்கி உயிரிழந்தான். அவனுடைய இன்ஹேலர் பள்ளியில்தான் இருந்தது. ஆனால் அவனிடம் இல்லை, அலுவலகத்தில் பூட்டி வைக்கப்பட்டிருந்தது. அவன் அம்மா விடாமல் போராடியதில் 2015-இல் அந்த மாகாணம் ஒரு சட்டம் கொண்டுவந்தது. அதற்கு 'ரையன் சட்டம்' என்றே பெயர். ஆஸ்துமா உள்ள மாணவர் தன் மருந்தைத் தன்னிடமே வைத்துக்கொள்ளலாம் (16 வயதுக்குக் கீழே என்றால் பெற்றோர் சம்மதத்தோடு), அப்படிப்பட்ட ஒவ்வொரு மாணவருக்கும் தனித் திட்டம் இருக்க வேண்டும், ஊழியர்களுக்குப் பயிற்சி தர வேண்டும் என்பதே அதன் சாரம்.

மருந்தைப் பூட்டி வைக்கும் விதியை எழுதியவர்களை வில்லன்களாகப் பார்க்க வேண்டியதில்லை. பிள்ளைகள் கையில் மருந்து கிடைத்தால் மாற்றிச் சாப்பிட்டுவிடுவார்கள், கூடப் படிப்பவர்களுக்குக் கொடுத்துவிடுவார்கள் என்ற பயம் நியாயமானதுதான். பெரும்பாலான மருந்துகளுக்கு அந்த விதி சரி. ஆஸ்துமாவுக்கு மட்டும் அது பொருந்தாது.

ஏன் பொருந்தாது? ஆஸ்துமா உள்ளவரின் மூச்சுக்குழாய்களின் உள்சுவர் நாள்பட்ட அழற்சியால் லேசாக வீங்கி, சட்டென்று சீண்டப்படும் நிலையில் இருக்கும். சாதாரண நாளில் வெளியே எதுவும் தெரியாது. தூசி, புகை, பூஞ்சை, குளிர்ந்த காற்று, சளிக் காய்ச்சல் கிருமி, வேகமான ஓட்டம் என ஏதோ ஒன்று தூண்டிவிட்டால் குழாயைச் சுற்றியுள்ள தசை இறுகும், உள்ளே சளி சேரும், காற்று போகும் வழி குறுகும். குழந்தைகளின் மூச்சுக்குழாய் ஏற்கெனவே சிறியது. அதனால் கொஞ்சம் குறுகினாலே பெரிய பாதிப்பு. சில சமயம் நிமிடக் கணக்கில் நிலைமை கைமீறிப் போகும். அந்த நேரத்தில் சாவி வைத்திருப்பவர் மதிய உணவுக்குப் போயிருந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

இது அரிதான நோயும் இல்லை. குழந்தைகளிடையே மிகப் பரவலாக இருக்கும் நாள்பட்ட நோய் ஆஸ்துமாதான் என்கிறது உலக சுகாதார அமைப்பு. பெரியவர்களையும் சேர்த்து 2019-இல் உலகில் சுமார் 26 கோடிப் பேருக்கு இது இருந்தது. அந்த ஆண்டு 4,55,000 பேர் இதனால் இறந்தார்கள்.

இத்தனைக்கும் இதற்கு நல்ல மருந்து பல பத்தாண்டுகளாக இருக்கிறது. இங்கே இரண்டு வகை மருந்துகளைப் பிரித்துப் புரிந்துகொண்டால் மீதி எல்லாம் எளிது.

ஒன்று, உடனடி நிவாரணம் தருவது. சால்பியூட்டமால் இன்ஹேலர் இந்த வகை. இறுகிய தசையைத் தளர்த்தும், சில நிமிடங்களில் மூச்சு விட முடியும். ஆனால் உள்ளே இருக்கும் வீக்கத்தை இது தொடவே தொடாது. இன்னொன்று, வராமல் தடுப்பது. குறைந்த அளவு ஸ்டீராய்டை மூச்சோடு இழுக்கும் இன்ஹேலர் இது. எடுத்த உடனே எந்த மாற்றமும் தெரியாது. பல் தேய்ப்பதைப் போல நோய் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் தினமும் எடுக்க வேண்டும். வாரக்கணக்கில் எடுக்க எடுக்க வீக்கம் அடங்கும், தாக்குதல்கள் குறையும்.

குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது. எடுத்தவுடன் பலன் தெரியும் மருந்தின் மேல் எல்லோருக்கும் நம்பிக்கை வந்துவிடுகிறது. தினசரி மருந்து 'பிள்ளை நன்றாகத்தானே இருக்கிறான்' என்று நிறுத்தப்படுகிறது. ஸ்டீராய்டு என்ற பெயரைக் கேட்டே நிறுத்துபவர்களும் உண்டு. அந்தப் பயத்துக்கு ஒரு சின்ன அடிப்படை இருக்கிறது, மறைக்க வேண்டியதில்லை: பல ஆண்டுகள் தொடர்ந்து எடுத்த குழந்தைகளின் உயரம் வளர்ந்தபின் சராசரியாக ஒரு சென்டிமீட்டர் அளவுக்குக் குறைவாக இருந்தது ஆய்வில் தெரிந்திருக்கிறது. கட்டுப்பாட்டில் இல்லாத ஆஸ்துமா பிடுங்கிக்கொள்ளும் தூக்கத்தையும் விளையாட்டையும் படிப்பையும் பார்த்தால், அந்த ஒரு சென்டிமீட்டரைப் பெரிதாக எடுத்துக்கொள்ளத் தேவையில்லை என்பது என் கருத்து.

பிரிட்டனில் ஆஸ்துமாவால் இறந்த 195 பேரின் மருத்துவக் குறிப்புகளைத் தோண்டிப் பார்த்து 2014-இல் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். பெரியவர்கள், குழந்தைகள் இரு தரப்பும் அதில் உண்டு. 'மூச்சு இப்படி ஆனால் இதைச் செய்' என்று எழுதிக் கொடுக்கப்பட்ட தனிப்பட்ட திட்டம் அவர்களில் 23 சதவீதம் பேரிடம்தான் இருந்தது. பலர் நிவாரண இன்ஹேலரை மட்டும் வாங்கிக் குவித்திருந்தார்கள். அதாவது மருந்து இருந்தது, அதைச் சரியான ஆளிடம் சரியான நேரத்தில் கொண்டுசேர்க்கும் ஏற்பாடுதான் இல்லை.

குழந்தை என்று வரும்போது இந்த ஏற்பாடு இன்னும் சிக்கலாகிறது. பெரியவர் ஒருவர் தன் நோயைத் தானே கவனித்துக்கொள்ளலாம். ஏழு வயதுக் குழந்தையின் நோயைக் காலையில் அம்மா அப்பா பார்க்கிறார்கள், பகலில் ஆசிரியர் பார்க்கிறார், எப்போதாவது மருத்துவர் பார்க்கிறார். இடையில் காப்பீட்டு நிறுவனமோ அரசுத் திட்டமோ எந்த மருந்துக்குப் பணம் தரலாம் என்று முடிவு செய்கிறது. இவர்கள் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்வதே இல்லை. அவரவர், இன்னொருவர் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடுகிறார்கள். இந்த இடைவெளியில் எது யாருடைய வேலை என்று எழுதி வைப்பதைத்தான் பள்ளிக் கொள்கை, சுகாதாரக் கொள்கை என்று பெரிய பெயர் வைத்துச் சொல்கிறோம்.

பள்ளிப் பக்கம் முதலில் பார்ப்போம். அடிப்படையான தாள் ஒன்று உண்டு: மருத்துவர் நிரப்பித் தரும் ஆஸ்துமா செயல்திட்டம். பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்று கட்டம். பச்சையில் வழக்கமான மருந்து. இருமல், இளைப்பு, இரவில் விழிப்பு என்றால் மஞ்சள். எத்தனை பஃப் (இன்ஹேலரை ஒருமுறை அழுத்தினால் வரும் மருந்து), எவ்வளவு நேரம் கழித்து மறுபடி என்று அதில் இருக்கும். சிவப்பில் ஆம்புலன்ஸ். ஒரே பக்கம்தான். அது வீட்டு அலமாரியில் மட்டும் கிடந்தால் பாதிப் பயன்தான். வகுப்பு ஆசிரியரிடமும் உடற்பயிற்சி ஆசிரியரிடமும் ஒவ்வொரு பிரதி இருக்க வேண்டும். உடற்பயிற்சி ஆசிரியரைத் தனியாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஓட்டம் பல குழந்தைகளுக்கு ஆஸ்துமாவைத் தூண்டும். விஷயம் தெரியாதவர் 'நடிக்கிறான்' என்பார், அல்லது பயந்துபோய் விளையாட்டிலிருந்தே ஒதுக்கிவிடுவார். இரண்டும் தவறு. நோய் கட்டுப்பாட்டில் இருந்தால் தாராளமாக ஓடலாம்.

அடுத்தது கையில் வைத்திருக்கும் உரிமை. அமெரிக்காவில் 2004-இல் ஒரு கூட்டாட்சிச் சட்டம் வந்தது. பிள்ளைகள் இன்ஹேலரைத் தாங்களே வைத்திருந்து பயன்படுத்த அனுமதிக்கும்படி பள்ளிகளுக்குச் சொல்லும் மாநிலங்களுக்கு, ஆஸ்துமா சார்ந்த நிதியில் முன்னுரிமை தருவோம் என்றது. நேரடியாகக் கட்டளை போடாமல் பணத்தைக் காட்டி நகர்த்தும் வழி அது. இன்று அங்கே எல்லா மாநிலங்களிலும் இந்த உரிமை இருக்கிறது. ஆனால் சட்டத்தில் இருப்பது வேறு, பள்ளி வாசலில் நடப்பது வேறு. படிவத்தில் மருத்துவர் கையெழுத்து, பெற்றோர் கையெழுத்து, சில இடங்களில் பள்ளி நர்ஸ் கையெழுத்து என்று கேட்பார்கள். ஆண்டு தொடங்கி இரண்டு மாதமாகியும் அந்தத் தாள் ஏதோ ஒரு மேசையில் கிடக்கும். நல்ல விதி என்றால் படிவம் வந்துசேரும்வரை என்ன செய்வது என்பதையும் அது சொல்ல வேண்டும்.

சரி, கையில் வைத்துக்கொள்ளத் தெரியாத சின்னக் குழந்தைக்கு? இன்ஹேலரை வீட்டிலேயே மறந்துவிட்டு வந்த குழந்தைக்கு? இதுவரை ஆஸ்துமா என்றே கண்டுபிடிக்கப்படாமல் பள்ளியில் முதல் முறை மூச்சுத் திணறும் குழந்தைக்கு? இவர்களுக்காக வந்ததுதான் பள்ளியின் பொது இன்ஹேலர். முதலுதவிப் பெட்டியில் பஞ்சும் கட்டுத்துணியும் இருப்பதுபோல் ஒரு சால்பியூட்டமால் இன்ஹேலரும், அதோடு பொருத்தி மருந்தை இழுக்க உதவும் ஸ்பேசர் என்ற குழலும் இருக்கும்.

பிரிட்டனில் 2014 அக்டோபர் 1 முதல் பள்ளிகள் மருத்துவர் சீட்டு இல்லாமலேயே இதை வாங்கி வைக்கலாம். ஆனால் ஏற்கெனவே ஆஸ்துமா உறுதியான, அல்லது இன்ஹேலர் எழுதிக் கொடுக்கப்பட்ட குழந்தைக்கு, பெற்றோர் எழுத்தில் சம்மதம் தந்திருந்தால்தான் கொடுக்கலாம். அமெரிக்காவின் அரிசோனா 2017-இல் இதைவிட ஒரு படி மேலே போனது: மூச்சுத் திணறும் எந்தக் குழந்தைக்கும் பயிற்சி பெற்ற ஊழியர் கொடுக்கலாம். எனக்கு அரிசோனா வழிதான் சரியென்று படுகிறது. சால்பியூட்டமால் தவறிப்போய் ஆஸ்துமா இல்லாத குழந்தைக்குக் கொடுக்கப்பட்டாலும் கை நடுங்கும், நெஞ்சு கொஞ்ச நேரம் படபடக்கும். பெரிய ஆபத்து எதுவும் வராது. கொடுக்காமல் விட்டால் என்ன ஆகலாம் என்பதை இந்தக் கட்டுரையின் முதல் வரிகளில் பார்த்தோம். அரிசோனாவில் பொது இன்ஹேலர் வைத்த பள்ளிகளில் நடந்த கணக்கெடுப்பில், மருந்து பெற்ற குழந்தைகளில் பெரும்பாலோர் வீட்டுக்கோ மருத்துவமனைக்கோ போகாமல் வகுப்புக்கே திரும்பிப் போனார்கள் என்று தெரிந்தது.

பொது இன்ஹேலரில் யாரும் கவனிக்காத ஒரு சிக்கல் உண்டு. ஒரு சால்பியூட்டமால் குப்பியில் வழக்கமாக 200 பஃப் இருக்கும். மருந்து தீர்ந்த பிறகும் உள்ளே இருக்கும் வாயு மீதி இருப்பதால், அழுத்தினால் 'புஸ்' என்று வரத்தான் செய்யும். எண்ணிக்கை காட்டாத இன்ஹேலராக இருந்தால் மருந்து வருகிறதா, வெறும் காற்று வருகிறதா என்று அவசரத்தில் யாராலும் சொல்ல முடியாது. அதனால்தான் பிரிட்டன் வழிகாட்டுதலில் குறைந்தது இரண்டு ஊழியர்கள் மாதம் ஒருமுறை இன்ஹேலரை எடுத்துப் பார்த்து, மருந்து இருக்கிறதா, காலாவதி ஆகவில்லையா, ஸ்பேசர் இருக்கிறதா என்று சரிபார்க்கச் சொல்கிறார்கள். ஒருவர் விடுப்பில் போனாலும் இன்னொருவர் இருப்பார் என்பதற்காகத்தான் இரண்டு பேர்.

ஸ்பேசரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இன்ஹேலரின் வாயில் பொருத்தும் வெற்றுக் குழல் அது. அழுத்தும் நொடியிலேயே சரியாக மூச்சை இழுப்பது பெரியவர்களுக்கே தடுமாறும். பதற்றத்தில் இருக்கும் குழந்தையால் நிச்சயம் முடியாது. மருந்து வாயிலும் தொண்டையிலும் படிந்துவிடும். ஸ்பேசர் மருந்தைக் கொஞ்ச நேரம் பிடித்து வைத்துக்கொள்ளும். குழந்தை நிதானமாக ஐந்தாறு தடவை மூச்சு விட்டு வாங்கினால் போதும். குலுக்கி, பொருத்தி, ஒரே ஒரு பஃப் அழுத்தி, மூச்சு வாங்கச் சொல்லி, மறுபடி குலுக்கி அடுத்த பஃப். மிதமான தாக்குதலில் இது, மருந்தைப் புகைபோல் மாற்றி முகமூடி வழியாகத் தரும் நெபுலைசர் கருவி அளவுக்கே வேலை செய்யும். பள்ளி ஒவ்வொன்றும் நெபுலைசர் வாங்க வேண்டும் என்று யாராவது சொன்னால், அந்தப் பணத்தில் எத்தனை ஸ்பேசர் வாங்கலாம் என்று கேளுங்கள்.

பிரிட்டன் பள்ளிகளுக்கான அவசர நடைமுறை இப்படி: குழந்தையை நிமிர்ந்து உட்கார வைத்து, தனியே விடாமல், ஸ்பேசர் வழியாக முதலில் இரண்டு பஃப். தெளியாவிட்டால் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டிரண்டாக, மொத்தம் பத்து வரை. அப்போதும் சரியாகவில்லை என்றாலோ, இடையில் எப்போது பயம் வந்தாலோ ஆம்புலன்ஸ். முழு வாக்கியம் பேச முடியாமல் ஓரிரு சொல்லோடு நிறுத்துவது, விலா இடுக்கிலும் தொண்டைக் குழியிலும் தோல் உள்ளே இழுபடுவது, உதடு நீலம் பாய்வது ஆகியவை தெரிந்தால் எண்ணிக்கொண்டிருக்கவே வேண்டாம், உடனே ஆம்புலன்ஸ்தான். வீசிங் சத்தம் திடீரென்று நின்றுவிட்டால் சரியாகிவிட்டது என்று நினைக்கக் கூடாது. சத்தம் வரும் அளவுக்குக்கூடக் காற்று போகவில்லை என்று அதற்கு அர்த்தமாக இருக்கலாம்.

இதெல்லாம் தாக்குதல் வந்த பிறகு. வராமல் பார்த்துக்கொள்ளப் பள்ளியால் முடியுமா? அமெரிக்காவின் ரோசெஸ்டர் நகரத்தில் இதைச் சோதித்தார்கள். தடுப்பு இன்ஹேலரை வீட்டில் எடுக்கச் சொல்லி விட்டுவிடாமல், பள்ளி நாட்களில் பள்ளி நர்ஸே காலையில் கொடுக்கும்படி ஏற்பாடு செய்தார்கள். 2011-இல் வெளிவந்த அவர்களுடைய ஆய்வில் 530 குழந்தைகள் இருந்தார்கள். பள்ளியில் மருந்து பெற்றவர்களுக்கு அறிகுறியில்லாத நாட்கள் கூடின, தாக்குதல்கள் குறைந்தன. கேட்டால் சாதாரணமாகத்தான் இருக்கும்: புது மருந்து இல்லை, புதுக் கருவி இல்லை, அதே மருந்தை ஒருவர் தினமும் நினைவாகக் கொடுக்கிறார். ஆஸ்துமா கொள்கையில் எனக்கு மிகவும் பிடித்த யோசனை இதுதான். வேலைக்கு ஓடும் பெற்றோரைக் குற்றம் சொல்லாமல், அவர்களுடைய பாரத்தில் ஒரு பகுதியை இன்னொருவர் எடுத்துக்கொள்கிறார்.

இதோடு சேர்த்துப் பள்ளி திறக்கும் பருவத்தையும் கவனிக்க வேண்டும். பிரிட்டன், கனடா, அமெரிக்கா போன்ற நாடுகளில் கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறந்த இரண்டு மூன்று வாரங்களில், செப்டம்பரில், ஆஸ்துமாவோடு மருத்துவமனைக்கு வரும் குழந்தைகளின் எண்ணிக்கை ஆண்டுதோறும் குப்பென்று ஏறுகிறது. குழந்தைகள் ஒன்றுகூடியதும் சளிக் கிருமி பரவுவது பெரிய காரணம். விடுமுறையில் தடுப்பு மருந்தை விட்டுவிடுவது இன்னொரு காரணம். ஆண்டுதோறும் தேதி சொல்லிவிட்டு வரும் பிரச்சினைக்கு முன்கூட்டியே ஒரு நினைவூட்டல் அனுப்புவது கஷ்டமே இல்லை. பள்ளி திறக்கும் வாரத்துக்கு முன்பே மருந்தைத் தொடங்கச் சொல்லி ஒரு சுற்றறிக்கை போதும்.

வகுப்பறைக் காற்று தனிக் கட்டுரைக்கான விஷயம். ஒழுகும் கூரையும் அதனால் வரும் பூஞ்சையும், பிள்ளைகள் இருக்கும்போதே அடிக்கப்படும் வாசனை ஸ்பிரேயும் காட்டமான துப்புரவுத் திரவமும், வாசலில் எஞ்சினை நிறுத்தாமல் புகை கக்கும் பேருந்தும் முதலில் சரிசெய்ய வேண்டியவை. பேருந்து எஞ்சினை நிறுத்துவதற்கு ஒரு காசும் செலவில்லை.

இப்போது மருத்துவப் பக்கம். இங்கே பெரும்பாலான சிக்கல் பணம் எந்த வழியில் போகிறது என்பதில் இருக்கிறது. மூச்சுத் திணறலோடு அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வந்தால் செலவு ஏற்கப்படும். அங்கே வராமல் தடுக்கும் வேலைக்கு, அதாவது ஸ்பேசரை எப்படிப் பிடிப்பது என்று அரை மணி நேரம் உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பதற்கோ, வீட்டுக்குப் போய்ப் பூஞ்சை இருக்கிறதா என்று பார்ப்பதற்கோ பணம் கிடைக்காது. பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனை 2005-இல் இதைத் திருப்பிப் போட்டுப் பார்த்தது. அடிக்கடி வந்துபோகும் குழந்தைகளின் வீடுகளுக்கு நர்ஸையும் சமூக சுகாதாரப் பணியாளரையும் அனுப்பியது. ஓராண்டில் அந்தக் குழந்தைகளின் அவசர சிகிச்சை வருகைகள் பாதிக்கும் மேல் குறைந்தன. மிக மோசமாக இருக்கும்போது சேர்க்கப்பட்ட குழந்தைகள் எப்படியும் கொஞ்சம் தேறியிருப்பார்கள், எல்லாப் பெருமையையும் திட்டத்துக்கே கொடுக்க முடியாது என்பது உண்மை. ஆனால் திட்டம் இல்லாத, அதைப் போன்ற பகுதிகளோடு ஒப்பிட்டபோதும் செலவு மிச்சமானது தெரிந்தது.

மருந்தின் பெயர் மாறுவதே ஒரு கொள்கைச் சிக்கலாகிவிடும் என்பதற்கும் அமெரிக்காதான் உதாரணம். குழந்தைகளுக்கு மிகப் பரவலாக எழுதப்பட்ட ஃப்ளோவென்ட் என்ற தடுப்பு இன்ஹேலர் 2024 ஜனவரியில் அந்தப் பெயரில் விற்கப்படுவது நின்றது. அதே மருந்து, அதே அளவு, வேறு பெயரில் கிடைத்தது. ஆனால் பல காப்பீட்டுத் திட்டங்களின் பட்டியலில் அந்தப் புதுப் பெயர் இல்லை. நன்றாக இருந்த குழந்தைகளுக்கு மருந்தை மாற்ற வேண்டி வந்தது. மாற்றாகக் கிடைத்த சிலவற்றைச் சின்னக் குழந்தைகளால் சரியாக இழுக்க முடியாது. அதே ஆண்டு சில பெரிய மருந்து நிறுவனங்கள் நோயாளி கையிலிருந்து தரும் தொகைக்கு மாதம் 35 டாலர் என்று உச்சவரம்பு அறிவித்தன. அரசு ஏழைக் குடும்பங்களுக்காக நடத்தும் மெடிகெய்ட் போன்ற திட்டங்களில் இருப்பவர்களுக்கு அந்தச் சலுகையால் பெரிய பயன் இல்லை.

பின்லாந்து வேறு பாதையில் போனது. 1994 முதல் 2004 வரை நாடு முழுவதற்கும் ஒரே ஆஸ்துமா திட்டம். சீக்கிரம் கண்டுபிடி, ஆரம்பத்திலேயே தடுப்பு மருந்து தொடங்கு, நோயாளிக்குத் தன்னைத் தானே கவனித்துக்கொள்ளக் கற்றுக்கொடு என்பதுதான் மொத்தத் திட்டமும். உள்ளூர்ச் சுகாதார நிலையங்களில் ஆஸ்துமாவுக்கென்று ஒரு மருத்துவரும் நர்ஸும் பொறுப்பேற்றார்கள். மருந்துக் கடைகளிலும் ஒருவர் அந்தப் பொறுப்பை எடுத்துக்கொண்டார். பத்தாண்டில் ஆஸ்துமாவுக்காக மருத்துவமனையில் படுத்த நாட்கள் பாதிக்கும் மேல் குறைந்தன. இது குழந்தைகளுக்கு மட்டுமான திட்டம் இல்லை. ஆனாலும் யார் பொறுப்பு என்பதை ஊர் ஊராகப் பெயர் சொல்லி எழுதினால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடையாது.

பள்ளியையும் மருத்துவத்தையும் இணைக்கும் பாலம்தான் எங்கேயும் பலவீனம். மருத்துவமனையில் இரண்டு நாள் இருந்துவிட்டு வந்த குழந்தையைப் பற்றிப் பள்ளிக்குத் தகவலே போகாது. தனியுரிமை விதிகள் தடுக்கும். பெற்றோர் ஒரு சம்மதப் படிவத்தில் கையெழுத்திட்டால் தீரும் விஷயம், ஆனால் அந்தப் படிவத்தை யாரும் நீட்டுவதில்லை. ஆண்டுத் தொடக்கச் சேர்க்கைத் தாள்களோடு இதையும் சேர்த்துவிடலாம். பணத்திலும் இதே கதைதான். அமெரிக்காவில் எல்லா மாணவர்களுக்கும் இலவசமாகத் தரப்படும் சேவைக்குப் பள்ளிகள் மெடிகெய்டிடம் கட்டணம் கேட்க முடியாது என்று ஒரு விதி நெடுநாள் இருந்தது. 2014 டிசம்பரில் அதை நீக்கினார்கள். அதன் பிறகு பள்ளி நர்ஸ் இன்ஹேலர் கொடுப்பதற்கும் சுகாதார நிதியிலிருந்து பணம் வர வழி பிறந்தது. ஆனால் ஒவ்வொரு மாநிலமும் தன் திட்டத்தைத் திருத்தி எழுதினால்தான் அது நடைமுறைக்கு வரும்.

சட்டம் எதுவும் இல்லாத இடத்தில்கூட ஒரு தலைமையாசிரியர் நாளைக்கே செய்யக்கூடியவை இருக்கின்றன: செயல்திட்டத் தாளைக் கேட்டு வாங்குவது, பிள்ளைகள் இன்ஹேலரைப் பையில் வைத்திருக்க விடுவது, இரண்டு ஊழியர்களுக்கு ஸ்பேசர் பிடிக்கக் கற்றுக்கொடுப்பது. அருகில் இருக்கும் எந்தக் குழந்தை மருத்துவரையும் அழைத்தால் ஒரு மதியத்தில் முடிந்துவிடும். தினமும் பக்கத்தில் நின்று மருந்து கொடுக்கும் நர்ஸ் மட்டும் அப்படிக் கிடைக்க மாட்டார். அவருடைய சம்பளம் கல்வித் துறைக் கணக்கில் செலவு. அவரால் மிச்சமாகும் மருத்துவமனைப் பணம் சுகாதாரத் துறைக் கணக்கில் வரவு. செலவு செய்பவர் ஒருவர், மிச்சம் பிடிப்பவர் இன்னொருவர் என்று இருக்கும்வரை அந்த வேலைக்கு ஆள் போடும் கோப்பு இரண்டு அலுவலகங்களுக்கும் நடுவே போய்வந்துகொண்டேதான் இருக்கும்.